தடைக்காலத்தில் துருவம்

ஐஸ் பிளான்ட்டின் பழைய பில் புத்தகம்,
பின்பக்கமெல்லாம் வெறுமை.
அதில்தான் எழுதத் தொடங்கினோம்:
குளச்சலிலிருந்து துருவத்துக்கு,
நாலு பேர், பத்து நாள்.

எழுதுகிறவள் நான்.
பேனா டயோனிஸின் கையில் இருந்தால்
தொகையில் ஒரு சைபர் எப்போதும் குறையும்.

டிசம்பரைத்தான் முதலில் கேட்டாள் அபிஷா.
அங்கே அப்போது சூரியன் எழும்பவே எழும்பாதாம்,
நட்டுச்சிக்கும் நீலமாய் ஒரு மங்கல் மட்டும்,
அதன்பிறகு வானத்தில் பச்சை வெளிச்சம்
யாரோ சேலை அலசுவதுபோல் அசையுமாம்.
"டிசம்பர்லயா? அப்பம் குடில் யாரு கெட்டுவா?"
என்றான் ஜோவின்.
போன வருஷக் குடிலில் அவன் தூவிய பனி
அவன் அப்பா சாக்கில் கொண்டுவந்த ஐஸ் தூள்.
நள்ளிரவுப் பூசை முடிந்து வீடு வருவதற்குள்
மாடுகள் முழங்கால் தண்ணீரில் நின்றன,
இடையர்களில் ஒருவர் மிதந்தார்.
டிசம்பரை அடித்தேன்.

மார்ச் நல்ல மாதம்.
பனியும் இருக்கும், பகலும் இருக்கும்,
நாய்கள் வண்டி இழுக்கும்.
மார்ச்சில் அபிஷாவுக்குப் பத்தாம் வகுப்புப் பரீட்சை.
தவக்காலம் வேறு.
இறைச்சி தொடாத நாற்பது நாளில்
கலைமான் கறி வேகும் ஊரில்
என்னத்தைத் தின்ன?
"மீன் உண்டு," என்றார் டயோனிஸ்.
மீன் தின்னவா இத்தனை தூரம்?

ஆகஸ்ட் கடைசி, இல்லையென்றால் செப்டம்பர்.
புல்லெல்லாம் சிவந்து கிடக்குமாம்,
பச்சை வெளிச்சம் மறுபடி தலைகாட்டுமாம்.
வாசித்துக்கொண்டே போனேன்,
அவர் வாய் திறக்கவில்லை.
ஆகஸ்டில் தடை முடிந்து விசைப்படகுகள் இறங்கும்.
கணவாய் கொட்டும்.
இரவு பகலாய் ஐஸ் உடைபடும்,
கம்ப்ரசர் ஒரு மணிநேரம் நின்றால்
முதலாளி எங்கள் வாசலில் நிற்பார்.
அந்த மூன்று மாத ஓவர்டைமில்தான்
எங்கள் வருஷம் மிதக்கிறது.

மிச்சம் ஜூன், ஜூலை.
படகுகள் கட்டிக் கிடக்க, ஐஸ் யாருக்கு வேண்டும்?
லீவு தாராளம்.
சம்பளம் பாதி.
அங்கேயோ அப்போது சூரியன் மறைவதே இல்லை,
ராத்திரி பன்னிரண்டுக்கும் வெயில்.
"ஒறங்கவே வேண்டாம்," துள்ளினான் ஜோவின்.
எனக்கு வேறு கவலை.
இருட்டாத ஊரில்
அடுக்களையை எப்போது பூட்டுவது?

ஆனாலும் ஜூன் என்று எழுதி
இரண்டு கோடு போட்டேன். கீழே தொகை.
சீட்டை எடுத்து, வளையலையும் வைத்தால்
ஒருவர் போகலாம்.
திரும்பி வருவது பற்றிப் பிறகு யோசிக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை, வெளியே இடவப்பாதி மழை.
ஒத்திகை என்று சொல்லி
எங்களைப் பிளான்ட்டுக்குக் கூட்டிப்போனார்.
எனக்குக் குவைத்துக் கம்பளி,
அபிஷாவுக்கு இரண்டு சுடிதார்மேல் மழைக்கோட்டு,
ஜோவினுக்கு அவன் அப்பாவின் ஜெர்கின், முட்டுவரை.
ஐஸ் அடுக்கிய அறைக் கதவு சாத்தியது.
ஓரத்தில் அம்மோனியா நாற்றம்.
ஜோவின் ஏதோ சொல்ல வாய் திறந்தான்,
வாயிலிருந்து வெள்ளையாய் ஒன்று வந்தது.
மறுபடி ஊதினான். மறுபடி வந்தது.
தன் மூச்சைத் தானே பார்த்து
கையால் பிடிக்கப் போனான்.
ஏழாவது நிமிடம் நான் கதவைத் தட்டினேன்.
பதினாறு வருஷமாய் இதற்குள் பாளம் தள்ளுகிறவர்
அரைக்கைச் சட்டையோடு கதவைத் திறந்துவிட்டு
"இதுக்கேவா?" என்றார்.
அவர் விரல் நுனிகள் ஏன் எப்போதும்
வெளிறியிருக்கின்றன என்று
நான் கேட்டதே இல்லை.

அன்று இரவு பில் புத்தகத்தைத் திறந்தால்
தொகைக்குக் கீழே ஜோவினின் கையெழுத்து.
துருவத்துக் கோடையில் கொசு மொய்க்கும் என்று
எங்கோ வாசித்திருக்கிறான்.
எடுத்துப் போக வேண்டியவை:
ஒன்று, கொசுவலை.

அது மட்டும் வீட்டில் இருக்கிறது.